நன்னிலத்தில் கிடைத்த தீவுத் தேனீ

நம் கல்லூரியின் பூச்சி அறையை உங்களுக்குச் சுற்றிக் காட்டும்போது, யாராவது ஒருவர் மேல் தட்டிலிருந்து ஒரு கண்ணாடி மூடிப் பெட்டியை இறக்கி, சிவப்புச் சீட்டோடு ஊசியில் குத்தியிருக்கும் கறுப்புத் தேனீ ஒன்றைக் காட்டுவார். அதன் கீழே இரண்டு பெயர்கள் இருக்கும். ஏன் இரண்டு என்று கேட்டால், முதலில் தவறாக வைத்துவிட்டார்கள், பிறகு திருத்திவிட்டார்கள் என்று ஒரு வரியில் பதில் வரும். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் நடந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை வந்து இந்த அறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றியதால் சொல்கிறேன்.

தேனீக்களை எப்படிப் பிடிப்பது, ஊசியில் எப்படிக் குத்துவது, நுண்ணோக்கியில் எதை எண்ணுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஆறே மாதத்தில் கை பழகிவிடும். பழகாத விஷயம் ஒன்று உண்டு. எப்போது பெயர் சொல்லலாம், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், சொன்ன பெயர் தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது என்பது. எனக்கு அது கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

தமிழ்ச்செல்வி நன்னிலம் பக்கத்து ஊர்க்காரர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அண்ணன் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யத் தொடங்கி, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, இன்றைக்கும் விவசாயம்தான் பார்க்கிறார். செல்வி வெளியூரில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு தஞ்சாவூரில் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது எனக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவருக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. எதிரெதிர் மேசை, அவ்வளவுதான்.

வந்த புதிதில் ஒரு நாள் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஒரு பாட்டிலோடு ஓடிவந்தார். உளுந்து வயலில் பூச்சி விழுந்துவிட்டது, விவசாயிகள் மருந்துக் கடை வாசலில் நிற்கிறார்கள், பெயரைச் சொன்னால் என்ன மருந்து என்று உடனே சொல்லிவிடலாம் என்றார். பாட்டிலில் இருந்தது பூச்சிகள் நசுங்கிய சேறு. நானாக இருந்தால் நிறத்தைப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். பத்தில் எட்டுத் தடவை அது சரியாகவும் இருந்திருக்கும். செல்வி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இதுல காலும் இல்ல, தலையும் இல்ல சார். இப்ப நான் சொன்னா அது என் வாய்ல வந்த பேரு, பூச்சியோட பேரு இல்ல. வண்டி இருக்குல்ல, வாங்க, வயலுக்கே போயிடுவோம்.”

போனார்கள். பூவில் மொய்த்துக்கொண்டிருந்தவை காட்டுத் தேனீக்கள். மருந்து அடித்திருந்தால் காய்ப்பிடிப்பே குறைந்திருக்கும். அலுவலர் அன்றிலிருந்து செல்வியின் ரசிகர். எனக்குப் பிடித்தது அவர் சொன்ன விடை அல்ல. வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம் அவர் கண்ணை மறைக்கவில்லை என்பதுதான்.

சில வருடங்கள் கழித்து, வங்கக் கடலில் உள்ள ஒரு சிறு தீவில் நாட்டுத் தேனீக்களைக் கணக்கெடுக்கும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. எனக்கு முதுகுவலி. செல்வி போனார். இரண்டு கோடைகள் போனார். அந்தத் தீவில் ஒரு மீனவக் குடியிருப்பு, அரசுப் பள்ளி ஒன்று, குடியிருப்புக்குப் பின்னால் காடு, காட்டின் விளிம்பில் ஒரு நன்னீர்க் குளம். தீவுக்குக் குடிதண்ணீர் அது ஒன்றுதான். பள்ளியின் தலைமை ஆசிரியை ஸ்டெல்லா. அவருடைய தாத்தா காலத்தில் நாகப்பட்டினம் பக்கமிருந்து போய்க் குடியேறிய குடும்பம். செல்வி மூங்கில் குழாய்களைக் கட்டாகக் கட்டிக் காட்டோரம் தொங்கவிடுவதைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டு, அதில் தேனீ கூடு கட்டும் என்றதும் தானும் ஏணி பிடித்துக் கட்டியவர். ஊரில் எந்த விஷயத்துக்கும் ஆட்கள் முதலில் அவரிடம்தான் போவார்களாம்.

இரண்டாவது கோடையில் செல்வி கொண்டுவந்தவற்றில் பிசின் தேனீ வகை ஒன்று இருந்தது. மரப்பிசினைக் கொண்டுவந்து கூட்டின் வாயை அடைக்கும் ரகம். கறுப்பு உடம்பு, வால் பக்கம் துருநிற முடி, அகன்ற தாடை. அத்தனையும் பெண் தேனீக்கள், ஆண் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஒரு வருடம் போல எங்கெங்கோ உள்ள சேகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. வெளிநாட்டு நிபுணர்களுக்கும் படம் அனுப்பினார். அவர்களும் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். அதன் பிறகே புதிய இனம் என்று எழுதி, தீவின் பெயரையே அதற்கு வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் யாருக்கும் பழக்கமில்லாதது. செய்தித்தாளில் படம் வந்தது. கல்லூரியின் சேர்க்கை விளம்பரத்தில் தேனீ ஏறியது. தீவில் ஸ்டெல்லா டீச்சர் பள்ளிச் சுவரில் அதைப் பெரிதாக வரைய வைத்தார். உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர் நம் காட்டில் இருக்கிறது என்று பிள்ளைகள் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்கள்.

பிறகு அங்கே ஒரு கம்பெனி சொகுசு விடுதி கட்ட வந்தது. படகுத்துறையிலிருந்து விடுதிக்குப் போகும் சாலை குளத்தை ஒட்டிய காட்டை வெட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். ஊர் எதிர்த்தது. மனு போட்டார்கள். மனுவின் முதல் பக்கத்தில் நின்றது தேனீ. குளத்தைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்தான், ஆனால் பின்னால் எங்கேயோ. தண்ணீர்ப் பிரச்சினை எல்லா ஊரிலும் இருக்கிறது, அந்தத் தேனீ எங்கள் ஊரில் மட்டும்தானே இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. சென்னையில் ஒரு நிபுணர் குழு இரு தரப்பையும் விசாரிப்பதாக முடிவானது. தேனீயைப் பற்றிச் சொல்ல செல்வியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் போல இருந்தபோதுதான் விஷயம் வெடித்தது.

மாசி மாதம். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பூத்திருந்தது. உளுந்துக்கு எந்தெந்தத் தேனீ வருகிறது என்று செல்வி வேறொரு வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக நன்னிலத்தில் அண்ணனின் பாகற்காய்ப் பந்தலில் இருந்து, பிசினால் வாய் அடைத்திருந்த மூங்கில் துண்டு ஒன்றை அறுத்துக்கொண்டு வந்து, வலை மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். இந்த மாதிரிக் கூட்டில் வாசல் பக்கத்து அறைகளில் ஆண்கள் இருக்கும், அவைதான் முதலில் வெளியே வரும். அப்படியே வந்தன. முன்னங்கால்களில் வெள்ளைக் கையுறை போட்டது போன்ற ஆண்கள். நூறு வருடத்துக்கும் முன்பு யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒற்றை ஆணை மட்டும் பார்த்துப் பெயர் வைத்த பழைய இனம் அது. டெல்டாவில் எப்போதாவது சிக்கும். அதன் பெண் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தேனீக்களில் ஆணும் பெண்ணும் சில சமயம் ஒட்டு உறவே இல்லாத மாதிரி இருக்கும். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி இனம் என்று பெயர் வைத்த கதை நம் துறையில் நிறைய உண்டு.

சில நாள் கழித்துப் பெண்கள் வெளியே வந்தன. செல்வி ஒன்றை ஊசியில் குத்தி என் மேசைக்குக் கொண்டுவந்து, இதைக் கொஞ்சம் பாருங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். துருநிற முடி, தாடை, எல்லாம். தீவுத் தேனீயை ஒப்பிடும்போது நானும் கூடவே உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்த முகம் அது. பெட்டியிலிருந்து எதற்கு வெளியே எடுத்தீர்கள், எங்கேயாவது சீட்டு மாறிவிட்டதா என்று கேட்டேன்.

“மாறல சார். எங்க அண்ணன் பாகல் பந்தல்லேருந்து வந்தது.”

அவர் குரலில் ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

விஷயம் என்னவென்று உங்களுக்கு விளங்கியிருக்கும். தீவில் கிடைத்த பெண்ணும் டெல்டாவில் பழைய பெயரோடு திரிந்த ஆணும் ஒரே இனம். அப்படியென்றால் செல்வி வைத்த பெயர் நிற்காது. பழைய பெயர்தான் செல்லும். தீவுக்கு மட்டுமே சொந்தமான தேனீ என்று ஒன்று கிடையாது. நன்னிலத்தில் பாகற்காய் பறிக்கிறவர்கள் தலைக்கு மேல் அது தினமும் பறந்துகொண்டிருக்கிறது.

இதைச் செல்வி யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குடுவையைக் கவனித்தவர் அவர் ஒருவர். அந்த இரண்டு தேனீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர்கள் நாட்டிலேயே ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

அப்போதிருந்த துறைத் தலைவரிடம் அன்றே சொன்னார். தலைவர் கெட்டவர் அல்ல. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு குடுவையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், நிதானமாகப் பாருங்கள், கட்டுரை எழுதி வெளிவர எப்படியும் ஒரு வருடம் ஆகும், அதற்குள் கூட்டம் முடிந்துவிடும், காடும் தப்பிவிடும் என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை. தாமதிக்கத்தான் சொன்னார். நம் தொழிலில் தாமதம் ஒரு குற்றமே இல்லை. பத்து வருடம் பெட்டியில் கிடந்து பெயர் பெற்ற பூச்சிகள் எத்தனையோ. அதனால்தான் அந்த யோசனை அவ்வளவு ஆபத்தாக இருந்தது. அது பார்ப்பதற்கு அசல் நிதானம் மாதிரியே இருந்தது.

அன்று மாலை புதாற்றுக் கரையில் நடந்தோம். ஆற்றில் தண்ணீர் நிறுத்தியிருந்த காலம், அடிமணல் தெரிந்தது. தலைவர் சொன்னதில் பாதி சரி என்று செல்வி சொன்னார். ஒரு குடுவை போதாது, தீவின் ஆண் தேனீ எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் தீர்த்துச் சொல்லக்கூடாது, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். மீதிப் பாதி என்ன என்று கேட்டேன். நின்றுவிட்டார்.

“அங்க போய் நின்னா ஒரு கேள்வி வரும் சார். இந்தத் தேனீ வேற எங்கயாவது உண்டான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? என் கட்டுரை வர்ற வரைக்கும் இல்லன்னா?”

அந்தக் காடு வெட்டுப்படக்கூடாது என்று நானும் ஆசைப்பட்டேன். அந்த மூங்கில் துண்டை அண்ணன் அடுப்பில் வைத்திருக்கக் கூடாதா என்றுகூட மனதில் ஓடியது. அவர் அப்படி எதுவும் யோசித்த மாதிரி தெரியவில்லை. இருந்த நாட்களுக்குள் தீவின் ஆணை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் அவர் புத்தி முழுதும் இருந்தது.

மறுநாள் என் அறையிலிருந்தே ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார். காட்டோரம் கட்டிய மூங்கில் குழாய்கள் இன்னும் தொங்குகின்றனவா என்று விசாரித்தார். தொங்குகின்றன, இரண்டு மூன்று குழாய்களில் பிசின் அடைப்பு இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன் என்றார் டீச்சர். அவற்றை அப்படியே வலையில் சுற்றி அனுப்ப முடியுமா என்று செல்வி கேட்டார். எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னார். நன்னிலத்தில் என்ன கிடைத்தது, அது என்னவாக இருக்கலாம், எல்லாம்.

டீச்சர் பக்கத்தில் இருந்த பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“அனுப்புறதுல ஒண்ணும் இல்ல மேடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது எங்களுக்கு நல்லதா, கெட்டதா?”

“கெட்டதா இருக்கலாம் டீச்சர்.”

“அனுப்பலேன்னா?”

“அப்பவும் எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லித்தான் ஆகணும். பாதி தெரிஞ்சதைச் சொன்னவளா இருப்பேன், அவ்வளவுதான்.”

டீச்சர், தன் பிள்ளைகளுக்கு இது நம்ம ஊர்த் தேனீ என்று சொல்லிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியில், சரி மேடம், வர்ற கப்பல்ல அனுப்புறேன் என்று வைத்துவிட்டார்.

செல்வியை எனக்கு ஏற்கெனவே தெரியும். இந்த அம்மாளை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தன் ஊரின் வாதத்தை உடைக்கப்போகிற சாட்சியைத் தன் கையாலேயே வலையில் சுற்றி அனுப்ப எத்தனை பேரால் முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, காற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

குழாய்கள் வந்து சேர்ந்தன. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் ஆண் வெளியே வந்தது. முன்னங்காலில் வெள்ளைக் கையுறை. செல்வி அதை நுண்ணோக்கியில் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார், பிறகு துறையில் இருந்த மற்ற இருவரையும் தனித்தனியாக, எது எந்த ஊர் என்று சொல்லாமல் பார்க்க வைத்தார். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெங்களூருக்கு அனுப்பிய தேனீக் கால்களிலிருந்து மரபணு முடிவு பின்னால் வந்தது, அதுவும் இதையே சொன்னது. ஆனால் அதற்காக அவர் காத்திருக்கவில்லை. கண்ணால் பார்த்ததே போதும் என்ற இடத்துக்கு அவர் வந்துவிட்டிருந்தார். காத்திருப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் காத்திருப்பது அவருக்குப் பிடிக்காது.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். தீவிலிருந்து ஸ்டெல்லா டீச்சரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார்கள். முதல் நாளே செல்வி அவர்களைச் சந்தித்து, என்ன சொல்லப்போகிறேன் என்பதை வரிக்கு வரி சொல்லிவிட்டார். பெரியவருக்குக் கோபம். இத்தனை வருஷம் எங்கள் தலையில் கிரீடம் வைத்துவிட்டு இப்போது பிடுங்குகிறீர்களா என்றார். டீச்சர் அவரைச் சமாதானப்படுத்தவில்லை, செல்விக்காகப் பேசவும் இல்லை. அப்படியானால் குளத்தைப் பற்றி நான் விரிவாகப் பேச வேண்டும், அதற்கு என்னென்ன தேவை என்று மட்டும் கேட்டார். மூவருமாக உட்கார்ந்து அதைத் தயார் செய்தார்கள். குளத்தைப் பற்றிச் செல்வி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டார், டீச்சர் சொன்னதில் எங்கே ஓட்டை விழும் என்று காட்டினார்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர். செல்வியின் முறை வந்ததும், அந்தப் புகழ்பெற்ற தேனீயைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். செல்வி எழுந்து, தான் வைத்த பெயர் தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். இந்தத் தேனீ தஞ்சை டெல்டாவிலும் இருக்கிறது, மனுவில் அதைப் பற்றி எழுதியிருப்பதை என் பொறுப்பில் எடுத்துவிடுங்கள் என்றார். அறையில் ஒரு சலசலப்பு. கம்பெனியின் ஆலோசகர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, அப்படியானால் மனிதர்கள் கொண்டுபோன மூங்கிலோடு போன பூச்சியாகக்கூட இருக்கலாம் அல்லவா என்றார்.

இருக்கலாம், வெள்ளத்தில் அடித்துப்போன கட்டையோடு மனிதர்களுக்கு முன்பே போனதாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றார் செல்வி.

ஆக, அந்தக் காட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

“ஒரு பேரைத் திருத்தினேன் சார். காடு காலின்னு சொல்லல. அங்க இருக்கற மத்த தேனீங்கள்ல எதெது எனக்கு நிச்சயம், எதெது தெரியாதுன்னு பிரிச்சுச் சொல்றேன். நிச்சயமானதை மட்டும் எழுதிக்குங்க.”

சொன்னார். காட்டில் மட்டும் கிடைத்தவை எவை, ஊருக்குள்ளும் கிடைத்தவை எவை, மரம் வெட்டிய பழைய பகுதியில் எவை காணாமல் போயிருந்தன என்பதை நிதானமாக, மிகைப்படுத்தாமல். ஒற்றை ஒற்றையாகக் கிடைத்த இரண்டு தேனீக்களுக்குப் பெயர் தெரியவில்லை என்றார். புதிய இனங்களாக இருக்குமோ என்று தலைவரே ஆசை காட்டினார். கூட இருந்த எனக்கு, ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று இருந்தது. இப்போது சொல்ல மாட்டேன் என்றார் செல்வி. தண்ணீர் பற்றிக் கேட்டபோது, அது என் வேலை இல்லை, அங்கே வாழ்கிறவர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். முன்பு ஒரு பக்கம் மரம் வெட்டியதற்குப் பிறகு குளம் எந்த மாதத்தில் வற்றத் தொடங்கியது, அந்த நாட்களில் பள்ளியில் என்ன நடக்கும், குடத்தோடு யார் யார் எங்கே போவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். குறுக்குக் கேள்விகளுக்குத் தடுமாறவில்லை. தேநீர் இடைவேளையில் தலைவர் என்னருகே வந்து, அந்த அம்மா தனக்கு எதிராக இருந்ததை முதலில் சொல்லிவிட்டார், இனி மற்றதை எதற்கு அதிகம் தோண்ட வேண்டும் என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை; அது இருவருக்கும் பொருந்தியது.

முடிவு எங்களுக்கு முழுதாகச் சாதகம் இல்லை. குழு ஆட்கள் தீவுக்கே போய்ப் பார்த்தார்கள். சாலையைக் குளத்தின் பக்கம் விடக்கூடாது, அந்தப் பக்கத்துக் காட்டைத் தொடக்கூடாது என்று எழுதினார்கள். விடுதி வேண்டாம் என்று எழுதவில்லை. தீவின் மேற்குப் பக்கத்தில் அது இன்று நிற்கிறது. அதற்காகப் பெரிய மரங்கள் சில போயின. குளம் இருக்கிறது.

செல்வி அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. புதிய தேனீயைக் கொண்டாடிய செய்தித்தாள், கல்லூரிப் பேராசிரியையின் கண்டுபிடிப்பு பொய்த்தது என்று எழுதியது. பதவி உயர்வு நேர்காணலில் ஒருவர், நீங்கள்தானே அந்தத் தேனீ விஷயத்தில் என்று இழுத்தார். ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாராம். அந்த வருடம் கிடைக்கவில்லை. பிறகுதான் கிடைத்தது. அவர் எழுதிய திருத்தக் கட்டுரை இரண்டே பக்கம். ஆண்டாண்டு காலமாக யாருக்கும் தெரியாமல் இருந்த பெண் தேனீயின் அடையாளம் அதில்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் தூரத்துத் தீவுகளிலிருந்து எல்லாம் தேனீப் பெட்டிகள் அவர் பெயருக்கு வரத் தொடங்கின. நீங்கள் தெரியாது என்று சொன்னால்கூட அது எங்களுக்கு உதவும் என்று ஒருவர் அவரிடம் சொன்னாராம். நம் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

நீங்கள் வேலை செய்யும்போது உங்களுக்கும் அவசரங்கள் வரும். சிலது பயமுறுத்திக்கொண்டு வரும், அவற்றை அடையாளம் கண்டுகொள்வீர்கள். நல்ல காரியத்துக்காக என்று சொல்லிக்கொண்டு வருபவைதான் கஷ்டம். ஒரு காட்டைக் காப்பாற்ற, ஒரு குளத்தைக் காப்பாற்ற, கொஞ்சம் பேசாமல் இரு என்று வரும். அப்போது என்ன செய்வது என்பதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. அவர் என்ன செய்தார் என்பது மட்டும் தெரியும்.

கூட்டம் நடந்ததற்கு அடுத்த வருடத் தவக்காலத்தில் ஸ்டெல்லா டீச்சர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வந்திருந்தார். அங்கிருந்து போன் போட்டு, நன்னிலம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். செல்வி அவரை அங்கே வரச் சொல்லிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு போனார். உளுந்து பூத்திருந்த நேரம். அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாங்கள் மூவரும் வரப்பில் நடந்தோம். செல்வி கை காட்டினார். மஞ்சள் பூவில் துருநிற வாலோடு ஒன்று இறங்கி, முகத்தைப் புதைத்து, எழுந்து போனது. டீச்சர் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து அடுத்ததற்காகக் காத்திருந்தார். வந்தது. அது போகும்வரை மூச்சு விடாமல் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்க ஊர்ல இது இன்னும் கொஞ்சம் சத்தமா பறக்கும் மேடம்.”

பாவம், மனது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி சிரிக்கவில்லை. தேனீ போன திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா டீச்சர்? நான் அதைக் கவனிக்கல. ரெண்டு ஊர்லயும் பதிவு பண்ணி, கேட்டுப் பாத்துரலாம். நீங்க அங்க செய்றீங்களா?”

செய்கிறேன் என்றார் டீச்சர்.